தேவ்குண்ட் ஒருநாள் குழு ட்ரெக்: கொடுக்கிற காசு எதற்கு?

முதல் மழை விழுந்ததும் மாதுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எந்தப் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே படம் சுற்றும். கறுப்புப் பாறைச் சுவர், நடுவில் வெள்ளைக் கோடாக அருவி, கீழே பச்சை நிறத்தில் ஒரு குளம். அதுதான் தேவ்குண்ட். ராய்கட் மாவட்டத்தில், தாம்ஹிணி மலைத்தொடரின் அடிவாரத்தில், பீரா என்ற ஊருக்குப் பின்னால் காட்டுக்குள் இருக்கிறது. படத்தின் அடியில் விளம்பரமும் வரும்: சனி இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீடு, பஸ், கைடு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு ரூபாய்ச் சுற்றில்.

இந்தப் பயணத்தை மும்பையில் விற்கும் குழுக்கள் ஏராளம். பஸ் ஏறும் இடமும் கூட்டிப்போகும் ஆளும் மாறலாம், அச்சு ஒன்றுதான். அதனால் எந்தக் குழுவின் பெயரையும் இங்கே போடவில்லை. அந்த அச்சையே பிரித்துப் பார்த்து, எந்தப் பகுதிக்குக் காசு தகும், எங்கே ஏமாறுகிறார்கள், பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முடியும் வரை, நடத்திப்போகச் சரியான குழுத் தலைவர் கிடைத்தால், மும்பையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய அருவி நடைகளில் இதற்கு இணையானவை குறைவு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் இதை விற்கிற குழு எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும் வாங்காதீர்கள்.

காரணம் அருவிக்கு மேலே இருக்கிறது. தாம்ஹிணி மேடு மகாராஷ்டிரத்தில் மழை மிக அதிகமாகக் கொட்டும் இடங்களில் ஒன்று. 2024 ஜூலை கடைசியில் அங்கே ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தத் தண்ணீர் மண்ணில் ஊறுவதற்கு வழியில்லை. அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கருங்கல், அதன்மேல் மெல்லிய மண். மேலே விழுந்தது அப்படியே ஓடைகளில் இறங்கும். குளக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேட்டில் பெய்த மழை கீழே வந்து சேரும். குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது இப்படித்தான். குற்றாலத்தில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டினால் போலீஸ் விசில் அடித்து ஆட்களை வெளியேற்றும். தேவ்குண்டில் காட்டுக்குள் அந்த விசிலை அடிக்கவேண்டியவர் நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிவந்த தலைவர் ஒருவர்தான்.

2024 ஜூன் 30 அன்று லோணாவளா பூஷி அணைப் பக்கம் ஒரே குடும்பத்தில் 5 பேர் அடித்துச் செல்லப்பட்டதை மும்பையில் எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழைக்காலத்தில் அருவி, அணைப் பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தேவ்குண்டும் அந்தத் தடைகளுக்குள் வந்திருக்கிறது. "தடை இருந்தாலும் நமக்கு உள்ளூரில் ஆள் இருக்கிறது, போய்விடலாம்" என்று சொல்லும் குழுவிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தடை வந்தால் பணம் முழுதாகத் திரும்புமா, வேறு தேதி கொடுப்பார்களா, அல்லது பஸ்ஸில் ஏற்றிய பிறகு வேறு ஏதோ ஒரு அருவிக்குத் திருப்பிவிடுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் திருப்பிவிடும் இடத்தைப் பற்றி வழிகாட்டிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதுதான் அதில் உள்ள ஆபத்து.

நடை எப்படி இருக்கும்?

பஸ் பன்வெல், பேண், நாகோட்டாணே வழியாகக் கோவா நெடுஞ்சாலையில் போய்க் கோலாடில் திரும்பும். சில டிரைவர்கள் கோபோலி, பாலி வழியாக வருவார்கள். எப்படி வந்தாலும் விடிவதற்கு முன் பீரா. ரயிலில் தனியாக வர நினைப்பவர்களுக்குக் கொங்கண் பாதையில் மாங்காவ் தான் நிலையம். ஆனால் திவாவிலிருந்து சாவந்த்வாடி போகும் காலை வண்டியில் ஏறி, மாங்காவில் இறங்கி, ஆட்டோ பிடித்து பீரா சேரும்போது வெயில் ஏறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் குழுவின் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு தகும்.

பீராவில் இருப்பது டாடாவின் நீர்மின் நிலையம், 1927-இல் தொடங்கியது. மலைக்கு மேலே முள்ஷி ஏரியில் தேக்கிய தண்ணீர் குழாய் வழியே இங்கே இறங்கி, மின்சாரம் எடுத்த பிறகு குண்டலிகா ஆற்றில் போய்ச் சேருகிறது. கோலாடில் ரப்பர் படகு விடுகிறார்களே, அது இந்தத் தண்ணீரை நம்பித்தான். தேவ்குண்டைக் குண்டலிகாவின் பிறப்பிடம் என்று சொல்வார்கள்.

ஊரிலிருந்து அருவிக்கு ஒரு வழி 6 கிலோமீட்டர் சொச்சம். ஏற்றம் அதிகமில்லை. முதல் பகுதி பீரா அணைத் தண்ணீரை ஒட்டிய சமதளம். அதன்பிறகு காடு. காட்டுக்குள் ஓடைகளைக் கடக்க வேண்டும். கடைசியில் பாறை உருண்டைகளும் வேர்களும் கலந்த சிறு ஏற்றம். பழகியவர்களுக்கு 2 மணி நேரம், குழுவோடு போனால் 3 மணி நேரம். விளம்பரத்தில் "ஈஸி" என்று போடுகிறார்கள். உலர்ந்த டிசம்பரில் அது உண்மை. மழை விட்ட இரண்டு நாளில் அதே பாதை நடுத்தரக் கடினம். வித்தியாசம் முழுவதும் சேற்றில்தான் இருக்கிறது. அதனால் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சேறு ஒன்றில்லை, மூன்று

அணையோரத்தில் இருப்பது வண்டல். மேலே காய்ந்த பொருக்குப் போலத் தெரியும், கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். முன்னால் போனவர் கால் வைத்த குழியிலேயே கால் வைப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. பத்துப் பேர் மிதித்த குழி பதினொன்றாவது ஆளுக்கு முழங்கால் ஆழம். புல் கட்டை பார்த்து மிதிக்க வேண்டும். கால் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. ஷூ உள்ளேயே நின்றுவிடும், இல்லையென்றால் முட்டி பிசகும். உடல் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி, புதைந்த காலின் கணுக்காலை இடமும் வலமும் ஆட்டினால் ஓரத்தில் காற்று புகும். உறிஞ்சும் பிடி விட்டுவிடும். அதன்பிறகு முதலில் குதிகால், பின்பு விரல் என்று எடுத்தால் வந்துவிடும்.

அடுத்தது மாடும் எருமையும் நடந்த பாதை. குளம்புக் குழிகள் பாதி இறுகியும் பாதி நீர் நிரம்பியும் கிடக்கும். கணுக்கால் சுளுக்கு மிக அதிகமாக நடப்பது செங்குத்தான இடத்தில் என்று நினைப்பார்கள். இந்தச் சமதளத்தில்தான் பேச்சு சுவாரஸ்யத்தில் பிசகிவிடும். காலில் சின்னக் கீறல், வெடிப்பு இருந்தால் இங்கே வருவதற்கு முன்பே நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

மூன்றாவது காட்டுச் சரிவின் சிவப்பு மண். இது புதையாது, வழுக்கும். ஏறும்போது விரல் முனையால் மண்ணில் சின்னப் படி வெட்டுவது போல் உதைத்து ஏற வேண்டும். இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது மனித இயல்பு, அதுதான் வீழ்த்தும். பின்னால் சாய்ந்தால் பாரம் குதிகாலின் ஓரத்துக்குப் போய்விடும், ஷூவின் பற்கள் மண்ணைத் தொடவே தொடாது. முட்டியை மடக்கி, மூக்கு கட்டைவிரலுக்கு நேராக வரும்படி குனிந்து, அரை அடி அரை அடியாக இறங்குங்கள். மிகச் செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி நண்டு போல இறங்கலாம். பிடிமானத்துக்கு ஒற்றைச் செடியைப் பிடித்தால் வேரோடு கையில் வரும். இந்தக் காடுகளில் கூட்டமாக நிற்கும் கார்வியை, நாலைந்து தண்டை ஒன்றாகச் சேர்த்து அடியில் பிடித்தால் தாங்கும். (கார்வி நம் குறிஞ்சியின் உறவு. இது ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பூக்கும்.) பிடிக்கும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், இலைப் பச்சையிலேயே இருக்கும் மூங்கில் விரியன் இந்தப் பக்கம் உண்டு.

சரிவில் கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதை எந்தத் தலைவராவது ஊக்குவித்தால் அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று பொருள். ஒருவர் சறுக்கினால் ஐந்து பேரும் விழுவார்கள். ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி, ஒருவர் நின்ற பிறகு அடுத்தவர் என்பதுதான் முறை. குடும்பமாக வருபவர்கள் குழந்தையின் கையை மேலிருந்து பிடித்து இழுக்காமல், குழந்தைக்கு ஒரு படி கீழே நின்றுகொள்ள வேண்டும்.

ஓடைக் கடப்பும் கயிறும்

ஒரு குழுவை எடைபோட வேண்டுமென்றால் ஓடைக்கரையில் பார்க்க வேண்டும். நல்ல தலைவர் கரைக்கு வந்ததும் முதலில் தண்ணீரைப் பார்ப்பார், ஆட்களை அப்புறம். தெளிந்த தண்ணீர் பழுப்பாக மாறுவது, இலையும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வருவது, இரைச்சலின் தொனி கனப்பது, இவற்றில் எது தென்பட்டாலும் மேலே மழை இறங்கியிருக்கிறது. உடனே மேட்டுப் பக்கம் ஏற வேண்டும். கரையோரக் கல் ஒன்றைக் குறிவைத்து, அது முழுகுகிறதா என்று கவனிக்க ஒரு ஆளை நிறுத்துவது இன்னும் நல்லது.

ஓடும் தண்ணீர் முட்டிக்கு மேல் இருந்தால் கடக்கவே கூடாது, கயிறு இருந்தாலும் சரி. முட்டிக்குக் கீழே என்றால், பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, பக்கவாட்டில் அடி எடுத்து வைக்க வேண்டும். கையில் தடி இருந்தால் அதை மேல்நோக்கி ஊன்றி மூன்றாவது காலாக்கலாம். பட்டையைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம், விழுந்தால் பை உங்களைக் குப்புற அமுக்கிவிடக்கூடாது, சட்டென்று உதறிவிட முடிய வேண்டும்.

கயிறு கட்டும் விதத்தில் நிறையக் குழுக்கள் தவறு செய்கின்றன. கரைக்குக் கரை நேர்க்கோட்டில் தளர்வாகக் கட்டினால், ஆள் பிடித்ததும் கயிறு நடுவில் வில்லாக வளைந்து, பிடித்தவரை நீரோட்டம் மிக வேகமாக இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். இறுக்கமாகவும், போகும் கரையில் சற்றுக் கீழ்ப்புறமாகச் சாய்த்தும் கட்ட வேண்டும். அப்போது தண்ணீர் தள்ளுவதே கரைசேர உதவும். ஆட்கள் கயிற்றின் கீழ்ப்புறம் நின்று பிடிக்க வேண்டும். மேல்ப்புறம் நின்று வழுக்கினால் கயிறு வயிற்றில் சிக்கித் தலை தண்ணீருக்குள் போகும். எக்காரணம் கொண்டும் ஆளைக் கயிற்றோடு முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள், கூச்சம் வேண்டாம். இன்னொன்று, கடக்கும் இடத்துக்குக் கீழே எறிகயிறோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் கணக்கில் இல்லை.

பாறையில் கால் வைக்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளபளக்கும் கறுப்பு என்றால் பாசி. நரைத்த சாம்பல் நிறம், சொரசொரப்பு என்றால் நிற்கும். சந்தேகமாக இருந்தால் கல்லின் மேல் தாவாமல், இரண்டு கல்லுக்கு நடுவில் சரளையில் இறங்கி நடங்கள். ஷூ நனைவதைக் காப்பாற்றப் போய்க் கையை உடைத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம்.

இப்போது ஒரு கணக்கு. வழுக்கலான ஒரு இடத்தைக் கடக்க ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் என்றால் 40 நிமிடம். அப்படி இரண்டு இடம், போகவும் வரவும் சேர்த்து 160 நிமிடம். சும்மா நிற்பதிலேயே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அக்டோபரில் இங்கே மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டு. பெரிய குழுக்கள் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வந்து சேர்வதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை, இந்தப் பெருக்கல் கணக்குதான். ஒரு பஸ் ஆட்களை ஒரே வரிசையாக நடத்தும் குழுவை விட, அவர்களை 15 பேர் கொண்ட பிரிவுகளாக்கி, அரை மணி இடைவெளியில் அனுப்பும் குழு இருநூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்பது விதி.

திரும்பும் நேரத்தையும் முன்பே கேளுங்கள். "அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்" என்பது பதில் ஆகாது. "எங்கே இருந்தாலும் பகல் 12:30-க்குத் திரும்புவோம்" என்று சொன்னால் அது பதில்.

குளத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று பக்கமும் சுவர் போல் பாறை, நடுவில் குளம். அந்த முதல் பார்வைக்காகத்தான் இவ்வளவு சேறும். படத்தில் இருப்பதை விட நேரில் அழகு, அதில் சந்தேகமே வேண்டாம். வெயில் மேலேறிய பிறகுதான் தண்ணீரின் அந்தப் பச்சை தெரியும். காலை ஒன்பதுக்கே வந்து நிழலில் பார்த்துவிட்டு ஏமாற்றமாகப் போகிறவர்கள் உண்டு.

ஆனால் குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நிற்பது போல இங்கே நிற்கக்கூடாது. மேலிருந்து தண்ணீரோடு கல்லும் வரும். குளம் ஓரத்திலிருந்து சரேலென்று ஆழமாகும், தண்ணீர் உடலை விறைக்க வைக்கும் குளிர்ச்சி. அருவி விழும் இடத்தில் நுரை பொங்குகிறதே, அங்கே தண்ணீரில் காற்றுக் குமிழி நிறையக் கலந்திருக்கும். குமிழி கலந்த தண்ணீர் உடலைத் தாங்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதில் தாழ்ந்துபோவார். கிணற்றில் நீந்திப் பழகியவர்கள்தான் இதில் அதிக நம்பிக்கையோடு இறங்குகிறார்கள், அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம். எல்லைக் கயிறு கட்டியிருந்தால் அதன் இப்பக்கம் மட்டும். கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லையென்றால் கால் நனைத்துவிட்டுக் கரையில் உட்காருங்கள். லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறோம் என்று சொல்லும் குழுவிடம் எத்தனை, எந்த அளவில் என்று கேளுங்கள். 40 பேருக்கு 4 ஜாக்கெட் என்பது படம் எடுக்க வைத்திருப்பது.

நம் ஆட்களுக்கு ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. உள்ளூர் வழிகாட்டிகள் பீரா, பாட்னூஸ் ஊர்க்காரர்கள். இந்தப் பாதையில் அவர்களுக்குத் தெரியாத கல் இல்லை, பயணத்தில் மிகத் தகுதியான பகுதி அவர்கள்தான். அவர்கள் அவசரத்தில் பேசுவது மராட்டி. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா, அத்தை, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நாலு சொல்லைப் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். "தாம்பா" என்றால் நில்லுங்கள். "சாவ்காஷ்" என்றால் மெதுவாக. "மாகே" பின்னால். "பாணி வாட்லே" என்று குரல் வந்தால் தண்ணீர் ஏறிவிட்டது, எதையும் எடுக்காமல் மேட்டுக்குப் போக வேண்டும்.

காலுக்கும் பைக்கும்

ஷூவில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அடியை. பற்கள் 4 மில்லிமீட்டராவது ஆழமாகவும், ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். நெருக்கமான பற்களில் சேறு அப்பிக்கொண்டால் பத்தடியில் மொட்டைத் தட்டையாகிவிடும். சஹ்யாத்ரியில் (இங்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அதுதான் பெயர்) நடப்பவர்கள் பலரும் 'ஆக்‌ஷன் ட்ரெக்கிங்' ஷூவைச் சொல்வார்கள், ஈரப் பாறையில் அதன் ரப்பர் பிடிப்பது உண்மை, விலையும் குறைவு. குறை என்றால் உள்பஞ்சு மெல்லியது, அகலப் பாதக்காரர்களுக்கு விரல் இடிக்கும். அரை அளவு பெரிதாக வாங்கி நல்ல உள்ளட்டை போட்டுக்கொண்டால் சரி. டெகத்லானில் கிடைக்கும் நீர்புகா ஷூ குளிர்காலத்துக்கு நல்லது, இந்த நடைக்கு வேண்டாம். ஓடையில் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விடும், நீர்புகாத் துணி அதை வெளியே விடாது. நாள் முழுக்கத் தொட்டியில் கால் வைத்து நடப்பது போல இருக்கும். வலைத்துணி ஷூவில் பத்து அடியில் வடிந்துவிடும். ஜாகிங் ஷூ, கம்பூட், வார் செருப்பு மூன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை வாங்கிய புது ஷூவோடு வருவதும் ஆகாது, அதற்கு முன் சயான் ஸ்டேஷன் படிக்கட்டிலாவது ஒரு வாரம் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

லேஸின் மேல்கோடியில் பெரும்பாலான ஷூக்களில் ஒரு ஓட்டை கூடுதலாக இருக்கும். லேஸை அதே பக்க ஓட்டைக்குள் விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள். குதிகால் தூக்காது, சேறு ஷூவைப் பிடுங்காது, இறக்கத்தில் நகம் கறுக்காது. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் போடும், நைலான் கலந்தது நல்லது. ஜீன்ஸ் நனைந்தால் முட்டியை மடக்க விடாது.

குடை காட்டில் பயனில்லை. போஞ்சோ போட்டால் இறக்கத்தில் சொந்தக் கால் கண்ணுக்குத் தெரியாது, மழை ஜாக்கெட்டே போதும். பைக்குள் பெரிய குப்பைப் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள், பையின் மேல் போடும் உறை பின்பக்கமாக வரும் தண்ணீரைத் தடுக்காது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், 2 பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., கடலை மிட்டாய், விசில், டார்ச். மாற்று உடை பஸ்ஸில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் போஹாவும் டீயும், திரும்பியதும் ஊர்க்காரர் வீட்டில் அரிசி பாக்ரி (ரொட்டி), பிட்லா, தேச்சா (மிளகாய்த் துவையல்), வரண்பாத் (பருப்பு சாதம்). பசிக்கு அமிர்தம். பிட்லா கடலை மாவில் செய்வது, தேச்சாவின் காரம் மட்டும் நமக்கே கொஞ்சம் கூடுதல். கழிப்பறைதான் இந்தப் பயணத்தின் பலவீனமான பகுதி. ஊரில் ஒன்றிரண்டு வீட்டுக் கழிப்பறையை 40 பேர் பங்கிட வேண்டும், காட்டுக்குள் எதுவும் இல்லை. பெண்கள் உடை மாற்ற மூடிய அறை உண்டா, குழுவில் பெண் வழிகாட்டி வருகிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவற்றில் இன்னும் சில பாக்கி. மகாராஷ்டிர அரசு 2021-இல் கொண்டுவந்த சாகசச் சுற்றுலாக் கொள்கைப்படி இப்படிப்பட்ட குழுக்கள் சுற்றுலாத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், ஸ்ட்ரெச்சராக எதைப் பயன்படுத்துவார்கள், விபத்துக் காப்பீடு ஆளுக்கா அல்லது பஸ்ஸுக்கு மட்டுமா? காட்டுக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது, பெரிய மருத்துவ உதவிக்கு மாங்காவ் வரை போயாக வேண்டும். குளத்தருகே கால் முறிந்தால் 6 கிலோமீட்டர் சேற்றில் ஆளைத் தூக்கிவர வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத்தான் ஒரு தலைவர் திட்டம் போட வேண்டும். அதை யோசித்திருக்கிறாரா என்பது இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும்.

மலைமேல் உள்ள பிம்ப்ரி என்ற சிற்றூரிலிருந்து இறங்கி இதே பீராவில் முடியும் அந்தார்பன் நடையையும் இதே குழுக்கள் விற்கின்றன. அது 13 கிலோமீட்டருக்குக் குறையாது, பெரும்பாலும் இறக்கம். காடு இதைவிட அடர்த்தி, அழகும் கூட. முட்டி வலி உள்ளவர்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் தேவ்குண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பஸ் வாஷி, செம்பூர், சயான் என்று இறக்கிவிட்டுக்கொண்டே வர இரவு பத்து ஆகும். வீட்டுக்கு வந்ததும் ஷூவின் உள்ளட்டையை உருவி, சேற்றைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். ஹீட்டர் பக்கத்திலோ நேர் வெயிலிலோ வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும், அடுத்த நடையில் அடி கழன்று கையோடு வரும்.

காலில் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னதற்குக் காரணம் லெப்டோ. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காயத்தில் பட்டால் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றும். மழைத்தண்ணீரில் நடந்தவர்கள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லி மும்பை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்கும் அறிவிப்பது இதற்காகத்தான். காயத்தோடு சேற்றில் இறங்கியிருந்தால் காத்திருக்காமல் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். நோய் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் தலைகாட்டும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் ஃப்ளூ என்று பாராசிட்டமாலோடு நிறுத்தாமல், டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே எந்தத் தேதியில் பீராவில் சேற்றில் நடந்தீர்கள் என்று சொல்லுங்கள்.